சோர்வுக்கு 'செல் ஆற்றல்' மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா? உணவுப் பொருள்தானே, கெடுதல் இருக்காதே?

உங்கள் கேள்வியில் என்னைச் சுட்டது அந்த இரண்டாவது வரிதான். நாற்பத்தைந்து வயது, எப்போதும் அசதி, தெரிந்தவர் ஒருவர் கோஎன்சைம் கியூ10 டப்பாவைக் கையில் கொடுத்திருக்கிறார். இதுதானே உங்கள் நிலை? எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

என் மனைவிக்குச் சிறு வயதில் வந்த ரூமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. செயற்கை வால்வு பொருத்தி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத் தினமும் வார்ஃபரின். மாதம் ஒருமுறை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை, எண் 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டலாம், கூடினால் ரத்தக்கசிவு வரலாம்.

பொங்கலுக்கு வந்த மைத்துனன் இதே கியூ10 டப்பா ஒன்றை நீட்டினான். அறுபது மாத்திரை, 2,400 ரூபாய். "அத்தான், இது மருந்தே இல்லை, உணவு. அக்காவின் இதயத்துக்குத்தான் வாங்கி வந்தேன். செல்லுக்குள்ளேயே போய் ஆற்றல் கொடுக்கும்" என்றான். டப்பாவிலும் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட்டிருந்தது. மருந்து இல்லையென்றால் மருத்துவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டோம். என் புத்தி அவ்வளவுதான்.

பிப்ரவரி முதல் வாரம் ஐ.என்.ஆர். 1.7. "கீரை அதிகம் சாப்பிட்டீர்களா அம்மா?" என்று மருத்துவர் கேட்டார். கீரையில் வைட்டமின் கே உண்டு, வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். இல்லை என்றாள். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து குப்பைக்கூடையைக் கிளறினேன். செய்தித்தாளில் சுருட்டியபடி முருங்கைக் காம்புகள், உருவி எடுத்த ஈரம்கூடக் காயவில்லை. பிடித்துக்கொண்டேன். ஒன்பது வருடமாகச் சொல்கிறார்களே, நாக்கைக் கட்ட முடியாதா என்று கத்தினேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "நேற்று ராத்திரி உங்கள் தட்டில் என்ன வைத்தேன்? நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன்." வைத்தது கீரைப் பொரியல். தின்றவன் நான்.

மருந்தின் அளவைக் கூட்டியும் அடுத்த வாரம் 1.8தான். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார் மருத்துவர். இருமல் மருந்து வரை எல்லாவற்றையும் மேஜையில் பரப்பியபோது அவர் கை நேராக அந்த டப்பாவுக்குப் போனது. கியூ10இன் மூலக்கூறு அமைப்பு வைட்டமின் கேயை ஒத்திருக்கிறது, சிலருக்கு வார்ஃபரினின் வேலையை இது குறைக்கலாம் என்றார். உடனே நிறுத்தினோம். கூட்டிய அளவால் எண் மறுபக்கம் எகிறிவிடக் கூடாதே என்று வாராவாரம் ரத்தப் பரிசோதனை. மூன்றாவது வாரம் 2.9.

    

உடனே சிலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். கியூ10 போலிச் சரக்கு என்று நான் சொல்லவில்லை. 1957இல் மாட்டின் இதயத்து மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து (செல்லுக்குள் ஆற்றல் உண்டாகும் பகுதி) பிரித்தெடுத்த பொருள் அது. செல்லுக்குள் ஆற்றல் உண்டாவதற்கு அவசியம்தான். ஆனால் உடல் அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது, வேர்க்கடலையிலும் மீனிலும் கொஞ்சம் கிடைக்கிறது. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தினம் 300 மில்லிகிராம் எடுத்துக்கொண்ட இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குப் பலன் தெரிந்தது உண்மை. வார்ஃபரின் எடுப்பவர்களிடம் செய்த ஒரு சிறு ஆய்வில் எந்த மாற்றமும் இல்லை என்பதும் உண்மை. என் மனைவி அந்த ஆய்வில் இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் புகைபிடிப்பவரா என்று சொல்லவில்லை. பிடிப்பவர் என்றால் டப்பாவில் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று பாருங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. அதுவும் கேரட்டில் இருக்கும் உணவுப் பொருள்தான்.

உங்கள் அசதிக்கு ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை நான்கையும் பார்த்துவிட்டீர்களா? பார்க்கவில்லையென்றால் முதலில் அது. மருத்துவரிடம் போகும்போது டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

எங்கள் டப்பாவில் 31 மாத்திரைகள் மிச்சம் இருந்தன. மைத்துனனிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "பிரித்த டப்பாவுக்குக் கம்பெனி பணம் தராது, அத்தான்" என்றான்.