கிட் லென்ஸிலேயே இதழின் மடிப்பு தெரிய எடுக்கலாம்

தோவாளை வாசகர் ஒருவரின் கேள்வி: “என் டிஎஸ்எல்ஆர் கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான் கையில் இருக்கிறது. அரளி இதழ்களை மடித்துக் கட்டும் எங்கள் ஊர் மாணிக்க மாலையையும் தோட்டத்துப் பூக்களையும் கிட்டத்தில் எடுத்தால் படம் மங்கலாக விழுகிறது. மிகக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?”

இப்போதைக்கு வேண்டாம். புதிய 18-55 லென்ஸ்கள் பெரும்பாலும் 25 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் ஆகும். ஜூம் வளையத்தை 55-இல் வைத்து அந்தத் தூரத்தில் எடுத்தால் சுமார் 6 செ.மீ. அகலமுள்ள பரப்பு படம் முழுவதையும் நிரப்பும். ஓர் அரளிப் பூவுக்கு அது தாராளம்.

முதலில், கெட்டுப்போன படங்களைக் கம்ப்யூட்டரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்காவது ஓரிடம், முன்னிதழோ பின்னால் இருக்கும் இலையோ, கூர்மையாக இருந்தால் லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. ஃபோகஸ் இடம் மாறி விழுந்திருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. காம்பு தெளிவாகவும் இதழ் மட்டும் கலைந்தும் இருந்தால் காற்று. ஓரிடமும் விடாமல் வெளிறிப்போய்ப் புகை படிந்ததுபோல் இருந்தால் கண்ணாடியில் அழுக்கோ பூஞ்சையோ இருக்கும்.

25 செ.மீ. என்பதை லென்ஸின் முனையிலிருந்து அளக்கக் கூடாது. கேமராவின் மேல்பக்கம் ஒரு வட்டமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும் இருக்கும். படம் பதியும் சென்சார் இருக்கும் இடம் அதுதான், கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. ஒரு சாணுக்குச் சற்று மேல். 55-இல் லென்ஸ் நீண்டிருப்பதால் அதன் முனைக்கும் பூவுக்கும் நடுவே ஒரு கை அகலம் போல்தான் மிஞ்சும். அதற்கும் உள்ளே போனால் என்ன செய்தாலும் ஃபோகஸ் ஆகாது.

இனி, ஆட்டோஃபோகஸ் ஏன் ஏமாற்றுகிறது என்று பார்ப்போம். இந்த நெருக்கத்தில் எஃப் 5.6-இல் (எஃப் எண் கூடினால் அப்பர்ச்சர் என்னும் லென்ஸ் துளை சிறுக்கும்) கூர்மையாக விழும் ஆழம் 2 மி.மீ. சொச்சம்தான். எஃப் 8-இல் 3 மி.மீ., எஃப் 11-இல் 4 மி.மீ. சொச்சம். ஃபோகஸ் செய்துவிட்டுப் பொத்தானை அழுத்துவதற்குள் உடம்பு அரை சென்டிமீட்டர் அசைந்தாலே போயிற்று. அதனால் லென்ஸை எம்எஃப்-க்கு, அதாவது கையால் ஃபோகஸ் செய்யும் நிலைக்கு மாற்றி, வளையத்தை மிகக் கிட்டத் தூரத்தில் நிறுத்திவிடுங்கள். பிறகு வளையத்தைத் தொடாமல் உடம்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்து, மகரந்தம் தெளியும் கணத்தில் தொடர்ச்சியாக ஐந்தாறு படங்கள் எடுங்கள். ஒன்றாவது தேறும். எஃப் 8 முதல் 11 வரை போதும். ஆழம் கூடும் என்று எஃப் 22 வைத்தால் ஒளி சிதறி முழுப் படமும் மென்மையாகிவிடும்.

மாணிக்க மாலைக்கு வேறு வழி. அது தட்டையான மாலை என்பது உங்களுக்குப் பெரிய வசதி. சுவரில் தொங்கவிட்டு, கேமராவை அதன் நடு உயரத்தில், மாலைக்கு நேர் இணையாக முக்காலியில் நிறுத்துங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் மேல்வரிசை இதழ்கள் அந்த 3 மி.மீ. ஆழத்தைத் தாண்டிவிடும். கேமராவின் பின்திரையில் பார்க்கும் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, மடிப்பின் விளிம்பில் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸில் ஆட்டத் தடுப்பு இருந்தால் அணைத்துவிட்டு, 2 நொடி டைமரில் எடுங்கள். ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100 போதும். ஷட்டர் அரை நொடி ஆனாலும் கெடுதல் இல்லை.

வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் சேர்ந்த இடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒளி கொஞ்சம் மிஞ்சினாலே வெள்ளை இதழ் வெறும் வெளுப்பாகி, மடிப்பின் நிழல் அழிந்துவிடும். பலரும் ஃபோகஸ் தவறு என்று நினைப்பது இதைத்தான். எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப் (ஸ்டாப் என்பது ஒளி அளவின் ஒரு படி) முதல் மூன்றில் இரண்டு வரை குறையுங்கள். கேமராவின் சொந்த ஃபிளாஷ் வேண்டாம். இவ்வளவு கிட்டத்தில் லென்ஸின் நிழலே படத்தின் அடியில் விழும். ஜன்னல் ஒளி ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் துண்டு, அவ்வளவுதான்.

தோட்டத்துப் பூ என்றால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். தென்மேற்குப் பருவ மாதங்களில் பகல் முழுக்க அடிக்கும் அந்தக் காற்றில் 1/125 நொடி ஷட்டர் எடுபடாது. விடிந்தவுடன் காற்று சற்றே அடங்கும் நேரத்தில் போங்கள். ஒரு குச்சியை மண்ணில் ஊன்றி, துணி கிளிப்பால் காம்பைப் பிடித்துவிடுங்கள். காற்று வரும் பக்கம் குடையை வையுங்கள். ஷட்டர் 1/320 அல்லது அதற்கும் வேகம், ஐஎஸ்ஓ 800 வரை தயங்காமல் ஏற்றலாம். படத்தில் ஏறும் புள்ளிகளைப் பின்னால் குறைக்கலாம், ஆடிய இதழைத் திருத்த முடியாது.

இத்தனைக்கும் பிறகு இன்னும் பெரிதாக வேண்டும் என்றால் லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் +2 குளோசப் ஃபில்டர் வாங்குங்கள். லென்ஸ் மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கும் விட்டத்தைப் பார்த்து, 55 அல்லது 58 மி.மீ. என்று கேட்டு வாங்க வேண்டும். 55-250 லென்ஸ் கைக்கு வந்தால் அதில் மாட்டுவது இன்னும் நல்லது: 250-இல் அரை மீட்டர் தள்ளி நின்றே சென்சாரில் உண்மை அளவில் பாதி கிடைக்கும், வண்ணத்துப்பூச்சியும் பறக்காது. மலிவான ஒற்றைக் கண்ணாடி ஃபில்டரில் ஓரங்களில் நிறம் கசியும், எஃப் 11 வைத்தால் ஓரளவு அடங்கும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கினால் உலோகத் தொடுபுள்ளிகள் உள்ளதையே வாங்குங்கள். இல்லாததில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது.

எதையும் வாங்குவதற்கு முன், இருட்டறையில் லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். நூல்நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் பையிலேயே கிடக்கும் லென்ஸுக்கு இது சீக்கிரம் வரும். அதைக் கடையில்தான் சுத்தம் செய்ய வேண்டும். இனி சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் கடற்கரைக்குக் கொண்டுபோனால் துடைக்கும் முன் ரப்பர் ஊதியால் மணலை ஊதித் தள்ளுங்கள். அங்குள்ள கார்னெட் என்னும் கடினமான கனிம மணல் கண்ணாடியைக் கீறிவிடும்.