கல்யாணத்துக்கு முன் முழுக்கு: மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கலாமா?

கேள்வி: மெஞ்ஞானபுரம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நாலு தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). நான் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். பதினாறு வயதில் திடப்படுத்தலும் (வளர்ந்தபின் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் ஆராதனை) ஆயிற்று. இப்போது பாளையங்கோட்டையில் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெந்தெகொஸ்தே சபை. கல்யாணத்துக்கு முன்னால் நான் முழுக்கு, அதாவது தண்ணீரில் முழுகிப் பெறும் ஞானஸ்நானம், எடுத்தாக வேண்டும் என்கிறார்கள். "எடுத்தால் நம்ம கோயிலில் தாலி கட்ட விடமாட்டார்கள்" என்று அப்பா பயப்படுகிறார். தூத்துக்குடியில் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் பெரியம்மா மகளிடம் சர்டிபிகேட் மட்டும்தான் கேட்டார்கள், மறுபடி எதுவும் கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்தது செல்லாதா? இரண்டாவது எடுத்தால் பாவமா?

பதில்: சகோதரி, நான் சி.எஸ்.ஐ. குருவாக ஊழியம் செய்து ஓய்வு பெற்றவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்று சபைகள் வருகின்றன. மூன்றுமே ஞானஸ்நானம் ஒரே தடவைதான் என்று சொல்கிறவை. "ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும் உண்டு" என்ற எபேசியர் 4:5 எல்லோர் வேதத்திலும் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் பாஸ்டரிடம் "இரண்டாவது ஞானஸ்நானம் கொடுப்பீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லை, நாங்கள் கொடுப்பதுதான் முதலாவது" என்பார். அப்படியென்றால், உங்கள் ஊர்க் கோயிலில் அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தலையில் தண்ணீர் ஊற்றியபோது நடந்தது ஞானஸ்நானமா இல்லையா என்பதில்தான் வழக்கு.

இது நேற்று முளைத்த வழக்கும் இல்லை. கி.பி. 255, 256 வாக்கில், சபையைப் பிரிந்துபோன கூட்டத்தாரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் திரும்பி வந்தபோது என்ன செய்வது என்று பெரிய தகராறு. அவர்களுக்கு மறுபடி கொடுக்க வேண்டும் என்றார் வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத்துப் பேராயர் சிப்ரியான். வேண்டாம், கைகளை வைத்துச் சேர்த்துக்கொண்டால் போதும் என்றார் ரோமாபுரிப் பேராயர் ஸ்தேவான். அப்போது சிப்ரியான் எழுதியது, நாங்கள் மறுபடி கொடுக்கவில்லை, கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்ற பொருளில்தான். 1525 ஜனவரியில் சூரிச் நகரத்தில் பெரியவர்களாக ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஊர் அவர்களுக்கு 'மறுஞானஸ்நானக்காரர்' என்று பெயர் வைத்தது. அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527இல் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் நம் பக்கத்து ஆட்கள் செய்த அந்தப் பாவத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. முழுக்கு எடுக்கிறவர்களைப் பற்றி இளக்காரமாகப் பேசும்போதெல்லாம் நாம் இதை நினைக்க வேண்டும்.

சரி, ரோமாபுரியார் சொன்ன வழியைத்தான் மேற்குத் திருச்சபை பிற்பாடு பிடித்துக்கொண்டது. தண்ணீர் இருக்க வேண்டும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமம் சொல்லப்பட வேண்டும், சபை செய்வதைச் செய்யும் கருத்து இருக்க வேண்டும். இவை இருந்தால், கொடுத்தவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் ஞானஸ்நானம் ஞானஸ்நானம்தான். அதைக் கொடுக்கிறவர் கிறிஸ்து என்று பழைய திருச்சபையின் பேரறிஞர் அகுஸ்தீன் வாதாடினார். உங்கள் பெரியம்மா மகளிடம் சர்டிபிகேட்டோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் இதுதான். திருமுழுக்கு (ஞானஸ்நானத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர்) ஆன்மாவில் அழியாத முத்திரை பதிக்கிறது, அதைத் திரும்பப் பதிக்க முடியாது என்பது கத்தோலிக்கப் போதனை. உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் மட்டும், "நீ ஏற்கெனவே பெறாதிருந்தால்" என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்திலும் அதே ஏற்பாடு உண்டு. லுத்தரன் சபையாரும் இதே பக்கம்தான்.

மாப்பிள்ளை வீட்டார் சொல்வதிலும் பலம் இருக்கிறது. "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்" என்று மாற்கு 16:16 விசுவாசத்தை முன்னால் வைக்கிறது. பிலிப்புவும் அவர் ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பிய மந்திரியும் தண்ணீருக்குள் இறங்கினார்கள் என்று அப்போஸ்தலர் 8 சொல்கிறது. அடக்கம்பண்ணப்படுவதும் எழுந்திருப்பதுமாக ரோமர் 6 சொல்லும் படம், முழுகி எழும்போது கண்ணுக்கே தெரிகிறது. எபேசுவில் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் மறுபடியும் ஞானஸ்நானம் பெற்றார்களே என்று அப்போஸ்தலர் 19ஐயும் காட்டுவார்கள். அது மட்டும் பொருந்தாது என்று நினைக்கிறேன். அவர்கள் முன்பு பெற்றது, இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான் ஸ்நானகனின் ஞானஸ்நானம். உங்களுக்குத் திரியேக தேவனுடைய நாமத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்து வாதம் வேறு இடத்திலிருந்து வருகிறது. லீதியாள், பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் ஆகியோர் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று அப்போஸ்தலர் 16இல் வாசிக்கிறோம். விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் கொலோசெயர் 2 பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்ற யூதக் குழந்தை தேவனுடைய உடன்படிக்கைக்குள் வந்தது, தான் தெரிந்துகொண்டதால் அல்ல, தேவன் அதைத் தெரிந்துகொண்டதால். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. நான் அவரை அறிவதற்கு முன்னால் அவர் என்னை அறிந்தார் என்பதற்கு, பேசத் தெரியாத ஒரு குழந்தையைக் கையில் ஏந்துவதைவிட நல்ல அடையாளம் எது?

ஆனால் நம் சரித்திரத்தையும் மறைக்கக் கூடாது. நெல்லை நாட்டின் புராட்டஸ்டன்ட் சபையே பெரியவர்களின் ஞானஸ்நானத்தில் பிறந்ததுதான். குளோரிந்தா அம்மாள் என்ற பிராமண விதவை கேட்டவுடனே ஜெர்மன் மிஷனரி சுவார்ச் ஐயர் கொடுத்துவிடவில்லை. அந்த அம்மாள் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு திருமணமின்றி வாழ்ந்ததால் ஐயர் தயங்கினார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் கொடுத்தார். அந்த அம்மாள் எழுப்பிய கோயில் இன்றும் பாளையங்கோட்டையில் இருக்கிறது. 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமத்தை உண்டாக்கியவர்களும் சொந்த வாயால் அறிக்கையிட்டு, அதற்காக அடியும் உதையும் பட்டவர்கள். அவர்கள் பிள்ளைகளை ஞானஸ்நானத் தொட்டியண்டை கொண்டுவந்தபோது வீட்டில் அந்த நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. நாலு தலைமுறை கழித்து நாம் என்ன செய்கிறோம்? கேக் வெட்டி, பிரியாணி போட்டு, வாக்குறுதி சொன்ன ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் பிள்ளையை அப்புறம் எட்டிப் பார்ப்பதில்லை. குழந்தை ஞானஸ்நானத்தைச் செல்லாக்காசு என்று பிறர் சொல்ல நாமே இடம் கொடுத்துவிட்டோம். அதைச் சரிசெய்ய வேண்டியது சபை. உங்களுக்கு மறுபடி தண்ணீர் ஊற்றுவதால் அது சரியாகாது.

எனவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: கொடுத்தது செல்லும். இரண்டாவது கேள்வி பாவமா என்பது. வேதத்தைப் படித்து, ஜெபித்து, தான் பெற்றது ஞானஸ்நானமே இல்லை என்று மனச்சாட்சியில் உறுதியாகத் தோன்றி ஒருவர் முழுக்கு எடுத்தால், அவர் தவறு செய்கிறார் என்று நினைப்பேனே தவிர, பாவி என்று சொல்ல என் நாக்கு வராது. ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு உறுதி எனக்குத் தெரியவில்லையே. தெரிவதெல்லாம் கல்யாணத் தேதிதான்.

இங்கேதான் எனக்கு மனம் கேட்கவில்லை. குழந்தை ஞானஸ்நானத்தில் அவர்கள் காணும் குறை என்ன? பிள்ளை தானாகத் தீர்மானிக்கவில்லை, பெற்றவர்கள் தீர்மானித்தார்கள் என்பதுதான். சீர்வரிசையோடு சேர்த்து முழுக்கையும் பேசி முடித்தால், அதுவும் பிறர் தீர்மானித்ததுதானே? விசுவாசிகளின் ஞானஸ்நானத்தை மதிக்கிற நல்ல பாஸ்டர் யாரும், மணப்பெண் மாமியார் வீட்டுக்காக இறங்கும் முழுக்கை விரும்ப மாட்டார். இதை மாப்பிள்ளையிடம் நேரடியாக, மரியாதையோடு சொல்லுங்கள். "எனக்கு அந்த உறுதி வந்தால் நானே கேட்பேன், வராமல் எடுத்தால் தேவனுக்கு முன்பாகப் பொய் சொன்னதாகும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பது இந்தக் கல்யாணத்தைப் பற்றியே உங்களுக்கு நிறையச் சொல்லும்.

அவர்கள் சபை எந்த நாமத்தில் கொடுக்கிறது என்பதையும் விசாரியுங்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை திரியேக நாமத்தில்தான் கொடுக்கின்றன. இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கும் சபைகளும் உண்டு. அவை ஏற்கெனவே முழுகினவரைக்கூட மறுபடி முழுகச் சொல்லும்.

அப்பாவின் பயத்துக்கு வருகிறேன். 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், கிறிஸ்தவ மார்க்கத்தை அறிக்கையிடுகிறவரைக் கிறிஸ்தவர் என்கிறது. எத்தனை முறை, எந்த முறையில் ஞானஸ்நானம் என்று அது பார்ப்பதில்லை. ஆகவே திருமணம் சட்டப்படி செல்லுமா என்ற கவலை வேண்டாம். சபை ஒழுங்கு வேறு. சி.எஸ்.ஐ. மறுஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. எடுத்தவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை வரலாம், சபைப் பொறுப்புகளுக்கும் அது தடையாகலாம். உங்கள் விஷயத்தில் என்ன ஆகும் என்பதை, கல்யாண ஓலை (கோயிலில் சொல்லும் திருமண அறிவிப்பு) வாசிக்கத் தொடங்கும் முன்பே அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், உங்கள் வட்டாரத்துச் சபைகளைக் கவனிக்கும் சேகர குருவிடம் கேட்டுவிடுங்கள். கல்யாணம் அவர்கள் சபையில் என்று முடிவானால், அந்தப் பாஸ்டருக்குத் திருமணம் நடத்தி வைக்கும் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பிற்பாடு பதிவுக்கு அலைகிற குடும்பங்கள் உண்டு.

எந்த முடிவானாலும் ஒளித்துச் செய்யாதீர்கள். இருட்டோடு தாமிரபரணியில் இறங்கி முழுக்கு எடுத்துவிட்டு, அப்புறம் திருவிருந்துக்கு முழங்காலில் நிற்கும்போது என் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு அப்பத்தைக் கொடுத்த என் கையும் நடுங்கியிருக்கிறது.

வேறொரு வழியும் இருக்கிறது. ஞானஸ்நானத்தைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் அதில் செய்த உடன்படிக்கையைப் புதுப்பிக்கலாம். அதற்கென்று ஆராதனை முறை நம் சபையில் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முன்னால் நின்று உங்கள் விசுவாசத்தை உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்று ஐயரிடம் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டாரையும் அழையுங்கள். "சின்ன வயதில் தண்ணீர் ஊற்றினார்கள், அவ்வளவுதான்" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், உங்கள் சாட்சியைத் தங்கள் காதால் கேட்கட்டும். அதன் பிறகும் போதாது என்று அவர்கள் சொன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.