அளந்த வண்டலைவிடக் கணக்கிட்ட மண்ணரிப்பு பத்து மடங்கு: பதில்

மழைநீரால் எவ்வளவு மண் அரிக்கும் என்று கணிக்கும் ஆர்யூஎஸ்எல்இ (RUSLE) சமன்பாட்டில், வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வந்த மண்ணரிப்பைக் கூட்டினால், ஆற்றின் வெளிவாயில் அளந்த வண்டலைப் போலப் பத்து மடங்கு வருகிறது என்கிறீர்கள். அதற்காகப் பயிர்ப்போர்வைக் காரணியை (செடிகொடிகள் மண்ணை எந்த அளவு காக்கின்றன என்பதற்கான எண்ணை) குறைத்துவிடாதீர்கள். கூட்டுத்தொகை பொருந்தும், வரைபடம் பொய்யாகிவிடும். அந்தச் சமன்பாடு சரிவிலிருந்து பெயரும் மண்ணை மட்டுமே சொல்லும். அடிவாரத்தில் படிவது அதற்குத் தெரியாது. வண்டல் சேர்விகிதத்தால், அதாவது அரிந்த மண்ணில் வெளிவாய்க்கு வந்து சேரும் பங்கால், பெருக்க வேண்டும். பொதுவாக வடிநிலம் (ஆற்றுக்கு மழைநீர் வடிந்து வரும் பரப்பு) பெரிதாகப் பெரிதாக அது குறையும்.

அதற்கு முன் சரிவு நீளத்தைப் பாருங்கள், எனக்குச் சந்தேகம் அங்கேதான். நீர்த்திரட்சி அடுக்கை (ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலிருந்து எவ்வளவு பரப்பின் நீர் வந்து சேரும் என்று காட்டும் வரைபட அடுக்கை) அப்படியே ஊட்டியிருந்தால் ஓடைகளும் சரிவாகவே கணக்கில் ஏறியிருக்கும். சமன்பாட்டின் அளவுகோலே 22.13 மீட்டர் நீளப் பாத்தி. கிலோமீட்டர் கணக்கில் நீளம் கொடுத்தால் தாங்காது. ஓடைக் கட்டங்களை மறைத்துவிட்டு, நீளத்துக்கு 300 மீட்டர் போல உச்சவரம்பு வையுங்கள்.

வடிநிலத்தில் அணை உண்டா? அளந்தது மிதவை வண்டல் (நீரில் மிதந்து வருவது) மட்டும்தானா? அதையும் எழுதுங்கள்.