டீக்கடைல ஐபிஎல் போட்டதுக்கு காப்பிரைட் நோட்டீஸ், 3 லட்சம் கட்டணுமா?

கேள்வி: வக்கீல் சார் வணக்கம். திண்டுக்கல் பக்கத்துல டீக்கடை வச்சிருக்கேன், சாயங்காலம் போண்டா பஜ்ஜியும் உண்டு. ஐபிஎல் நேரத்துல பையனோட ஓடிடி அக்கவுண்ட்ட கடை டிவில போட்டு மேட்ச் காட்டுனேன். சந்தா கட்டித்தான் பாக்குறோம், திருட்டு லிங்க் எல்லாம் இல்ல. இப்ப ஒரு கம்பெனி சார்பா வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு, 15 நாள்ல 3 லட்சம் கட்டணும் இல்லன்னா போலீஸ் கேஸ்னு. கடையோட போட்டோவும் சேத்து அனுப்பிருக்காங்க. நடுவுல ஒருத்தர் போன் பண்ணி 40 ஆயிரம் ஜிபே பண்ணுங்க, முடிச்சு விடுறேன்றாரு. என்ன பண்ணட்டும்? மேட்ச் இல்லாத நாள்ல படமும் போடுவேன்.

பதில்: அண்ணே, முதல்ல அந்த 40 ஆயிரத்த அனுப்பிறாதீங்க. போன்ல பேசுற ஆளு நிஜமாவே கம்பெனி ஆளா இல்லையா, யாரோட கைக்கு அந்த காசு போகும்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, ரசீது இல்லாம கேஸ முடிக்கிறேன்னு சொல்றவன நம்பி காசு போட்டவங்க நாளைக்கு கம்பெனி மறுபடி கேட்டா கைய பிசைஞ்சுட்டு தான் நிக்கணும். அவர் மறுபடி கூப்பிட்டா "எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்க, என் வக்கீல் பேசுவாரு"ன்னு சொல்லிட்டு வச்சிருங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். சந்தா கட்டிட்டோமேன்னு நீங்க கேக்குறது நியாயமா தான் தோணும், ஆனா நீங்க கட்டுனது வீட்டுல உக்காந்து பாக்குறதுக்கான காசு. அக்கவுண்ட் ஓப்பன் பண்ணும்போது யாருமே படிக்காம ஓகே தட்டுற அந்த விதிமுறைல தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும், வியாபார இடத்துல காட்டக்கூடாதுன்னு இருக்கும். அத மீறுனா அக்கவுண்ட்ட முடக்கலாம், அது கம்பெனிக்கும் உங்க பையனுக்கும் உள்ள ஒப்பந்த விவகாரம். அதுக்காக யாரும் ஜெயிலுக்கு போக மாட்டாங்க. போலீஸ் கேஸ்னு மிரட்டுறது வேற சட்டத்த வச்சு, 1957ம் வருஷ காப்பிரைட் சட்டம்.

அதுல செக்ஷன் 37னு ஒண்ணு இருக்கு, ஒளிபரப்பு நிறுவனத்துக்குன்னு தனியா கொடுத்த உரிமை, 25 வருஷம் ஓடும். லைசென்ஸ் இல்லாம அந்த ஒளிபரப்ப என்னென்ன பண்ணக்கூடாதுன்னு வரிசையா சொல்லிட்டு வர்றப்போ, பொதுமக்கள் பாக்குற மாதிரி காட்டுறதையும் சொல்லுது, ஆனா "கட்டணம் வாங்கிட்டு"ன்னு ஒரு வார்த்தைய சேத்து தான் சொல்லுது. உங்க கேஸே அந்த ஒரு வார்த்தைல தான் தொங்குது. கடைல சும்மா டிவி ஓடுது, வர்றவன் டீ குடிச்சிட்டு போறான்னா, கட்டணம் எங்க இருக்குன்னு நாம தைரியமா கேக்கலாம்.

ஆனா நீங்க அனுப்புன போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன். டிவிக்கு கீழ ஒரு சிலேட்டு போர்டு, சாக்பீஸ்ல "மேட்ச் சீட் 50 ரூபாய், டீ போண்டா ஃப்ரீ". அண்ணே, இத யாரு எழுத சொன்னது? டீ போண்டாவுக்கு தான் காசு வாங்குனேன்னு நீங்க சொல்லுவீங்க, ஆனா அதே போட்டோல பின்னாடி செவுத்துல விலைப்பட்டியலும் தெரியுது, டீ 12, போண்டா 10. மொத்தம் 22. மிச்சம் 28 ரூபா எதுக்குன்னு எதிர்தரப்பு வக்கீல் கேட்டா நாம என்ன சொல்றது, காத்தாடிக்கா? போட்டோ எடுத்தவன் வெவரமான ஆளு, ஸ்கிரீன் ஓரத்துல சேனல் லோகோ, போர்டு, விலைப்பட்டியல் மூணும் ஒரே ஃப்ரேம்ல விழற மாதிரி நின்னு எடுத்திருக்கான்.

இன்டர்நெட்ல வர்றது ஒளிபரப்பே இல்லன்னு வாதாட முடியாதான்னு கேப்பீங்க. பாட்டு ஸ்ட்ரீமிங் சம்பந்தமா 2019ல பாம்பே ஹைகோர்ட்டுல ஒரு தீர்ப்பு இருக்கு, டிவி ரேடியோவுக்கு சட்டமே கொடுக்குற லைசென்ஸ் சலுகை இன்டர்நெட்டுக்கு வராதுன்னு. அதோட விஷயம் வேற, அதுவுமில்லாம சட்டத்துல ஒளிபரப்புன்ற வார்த்தைக்கு கம்பி வழியா போறதும் சேரும்னு அகலமா தான் அர்த்தம் கொடுத்திருக்கு. வாதம்னு ஒண்ணு இருக்கட்டும், ஆனா அத நம்பி கடைய பணயம் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

அரெஸ்ட் பண்ணுவாங்களான்றது தான உங்க பயம். அதே காப்பிரைட் சட்டத்துல செக்ஷன் 63ல 6 மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50 ஆயிரத்துல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம்னு இருக்கு. இது ஜாமீன் உரிமையா கிடைக்காத குற்றம் (கோர்ட் பாத்து கொடுக்கலாம்), போலீஸ் நேரடியா எஃப்ஐஆர் போடலாம்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, அதனால நோட்டீஸ்ல இருக்குறது வெறும் பூச்சாண்டி இல்ல. அதே நேரத்துல 7 வருஷத்துக்கு உட்பட்ட தண்டனை உள்ள கேஸ்ல எடுத்த எடுப்புலயே தூக்கிட்டு போகக்கூடாது, பொதுவா முதல்ல ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தான் கொடுக்கணும்னு 2014லயே அதே கோர்ட் சொல்லிருக்கு, இப்ப அது புது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் செக்ஷன் 35ல வருது. ஸ்டேஷன்ல இருந்து அப்படி பேப்பர் வந்தா ஒளியாம வக்கீலோட போய் நில்லுங்க, அதுதான் பாதுகாப்பு. கூடவே செக்ஷன் 63ல "தெரிஞ்சே" மீறுனான்னு ஒரு வார்த்தை இருக்கு. நேத்து வரைக்கும் தெரியாதுன்னு சொல்ல இடம் இருந்துச்சு, நோட்டீஸ கையெழுத்து போட்டு வாங்குன நிமிஷத்துல இருந்து அது கிடையாது. அதனால டிவில மேட்ச் இன்னைக்கே நிக்கணும், ஃபைனல் மட்டும் போட்டுக்கிறேன்ற பேச்செல்லாம் வேண்டாம். மேட்ச் இல்லாத நாள்ல படம் போடுவேன்னு கடைசி வரில எழுதிருந்தீங்க பாருங்க, அது இதவிட மோசம், சினிமாவுக்கு கட்டணம் வாங்குனா தான் தப்புன்ற கணக்கே கிடையாது, ஓசில காட்டுனாலும் பொதுமக்களுக்கு காட்டுனது தான்.

பதில் நோட்டீஸ் உங்க ஊர் வக்கீல் மூலமாவே போகட்டும். மன்னிச்சிருங்க சார் இனிமே பண்ண மாட்டேன்னு நீங்களா வாட்ஸப்ல அனுப்பிறாதீங்க, அதுவே ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஆயிரும். கம்பெனிகிட்ட ரெண்டு விஷயம் கேக்கணும்: அந்த மேட்ச்ச காட்டுற உரிமை உங்ககிட்ட தான் இருக்குன்றதுக்கு என்ன பேப்பர், அப்புறம் 3 லட்சம் எப்படி வந்துச்சு. உங்க கடைல 14 சேர், 50 ரூபா வச்சாலும் ஒரு மேட்ச்சுக்கு 700 ரூபா, எத்தன மேட்ச் போட்டா 3 லட்சம் ஆகும்னு அவங்களே கணக்கு போடட்டும். காட்டுறத நிறுத்திட்டோம்ன்றதயும் எழுதுங்க, ஆனா தப்பு பண்ணோம்னு எழுத வேண்டாம். பையன் பேர பதில்ல எங்கயும் இழுக்காதீங்க, உடந்தைனு அவனையும் சேக்க செக்ஷன் 63ல இடம் இருக்கு.

கோர்ட்டுக்கு போகாம பேசி முடிக்கிறது உங்களுக்கு நல்லதுன்னு தான் எனக்கு தோணுது, அந்த போர்டு மட்டும் இல்லன்னா வேற மாதிரி சொல்லிருப்பேன். என்ன தொகை பேசுனாலும் கம்பெனி பேர்ல உள்ள பேங்க் அக்கவுண்ட்டுக்கு, எழுத்துல ஒப்பந்தம் போட்டு, சிவில் கிரிமினல் ரெண்டு கோரிக்கையும் இதோட முடிஞ்சதுன்னு அதுல ஒரு வரி இருக்கணும்.

சிலேட்டு போர்ட அழிச்சிருங்க, ஆனா உடைச்சு ஒளிச்சு வைக்க வேண்டாம், போட்டோ அவங்க கைல இருக்கு. நோட்டீஸ் வந்த கவரையும் தூக்கி போட்றாதீங்க, நம்ம கைக்கு என்னைக்கு வந்துச்சுன்னு காட்ட அதுல இருக்குற தபால் முத்திரை உதவும், 15 நாள் கணக்கு அத வச்சுதான். வக்கீல பாக்க போறப்ப அதையும் சேத்து எடுத்துட்டு போங்க.