ஒரு வகுப்பு, ஒரு நாவல், 32 பிள்ளைகள்

கேள்வி: மன்னார்குடி பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். ஏழாம் வகுப்பில் 32 பேர். எல்லோரும் சேர்ந்து ஒரு சிறார் நாவலை முழுதாக வாசிக்க வேண்டும் என்று ஆசை. போன வருடம் ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொன்னேன்; பாதியிலேயே நின்றுவிட்டது. ஏழெட்டுப் பேர் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அந்த ‘ஆளுக்கொரு பத்தி’யை முதலில் விட்டுவிடுங்கள், டீச்சர். தன் பத்தி எது என்று முன்கூட்டியே எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளை கதையைக் கேட்பதில்லை. முறை முடிந்த பிள்ளைக்கு அப்புறம் வேலையே இல்லை. எழுத்துக் கூட்டும் பிள்ளையோ வகுப்பு முழுவதும் பார்த்திருக்கக் கூனிக்குறுகி நிற்கிறது.

நீங்களே வாசியுங்கள். குரல் ஏற்றி இறக்கி, நல்ல சத்தமாக. பிள்ளைகள் புத்தகத்தில் கண்ணை ஓட்டிக்கொண்டு கூடவே வரட்டும். ‘நீங்களே வாசித்தால் அவர்கள் எப்போது வாசிப்பார்கள்’ என்று தலைமையாசிரியர் கேட்டால், காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் எழுதியதைச் சொல்லலாம். எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது என்றார்கள் அவர்கள். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். உங்கள் ஏழெட்டுப் பேருக்குக் குறை பெரும்பாலும் முதலாவதில்தான் இருக்கும். இரண்டாவதைக் கதை கேட்டுக்கேட்டே வளர்க்கலாம். எழுத்துப் பயிற்சியைக் காலையில் கால் மணி நேரம் தனியாகக் கொடுங்கள். நாவலின் தலையில் அதை ஏற்ற வேண்டாம்.

என் வகுப்பில் ஒரு வரிகூடத் தடுமாறாமல் வாசிக்க வராத பையன் ஒருவன் இருந்தான். கதையில் ராத்திரி மடை மாற்றுகிற இடம் வந்தது. அப்பாவோடு வயலுக்குப் போகிறவன் அவன். எந்த மடையை எப்போது திறப்பார்கள், பக்கத்து வயல்காரர் ஏன் சண்டைக்கு வருவார் என்று பத்து நிமிடம் சொன்னான். வகுப்பு அசையாமல் கேட்டது, நானும்தான். அந்த அத்தியாயத்தை எங்களில் அவனே நன்றாகப் புரிந்துகொண்டவன். அதனால் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளைகளுக்குத் தெரிந்த உலகம் கொஞ்சமாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சாகித்ய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்குப் பால சாகித்ய புரஸ்கார் கொடுக்கிறது. அந்தத் தமிழ்ப் பட்டியலில் தேடத் தொடங்கலாம்.

அடுத்தது நீளம். 100 பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 200 நிமிடம். பாடவேளைக்கு 20 நிமிடம் வாசிப்பு, மிச்சம் பேச்சு என்றால் பத்துப் பாடவேளை. வாரத்துக்கு மூன்று என்றால் நாலு வாரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பருவம் முழுக்க இழுத்தால் எந்தக் கதையும் புளித்துப் போகும். ஜூலைக் கடைசியில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடிக்கலாம். ஐப்பசிக்குத் தள்ளாதீர்கள். நம் பக்கத்து மழையும் விடுமுறையும் தெரிந்ததுதானே.

ஜூலைக் கடைசியில் தொடங்கினால் ஆடிப்பெருக்கும் நடுவில் வரும். அந்த வாரம் ‘பொன்னியின் செல்வன்’ முதல் அத்தியாயத்தை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற இடம் அது, இன்றைய வீராணம். ஐந்து பாகத்தையும் வகுப்பில் வாசிக்க முடியாது. ஆனால் 1950இல் வாரத் தொடராகத் தொடங்கிய கதை என்பதால், கல்கி எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். நீங்களும் மணி அடிக்கிற இடத்தில் நிறுத்தாமல், கதை இழுக்கிற இடத்தில் நிறுத்தப் பழகுங்கள்.

மூவருக்கு ஒன்று என்றால் 11 பிரதி போதும். ஒவ்வொரு மூவரிலும் நன்றாக வாசிக்கும் ஒருவர் இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்டுப் பாருங்கள். முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுப்பது வேண்டாம்; எழுதியவருக்கு அது நஷ்டம்.

அத்தியாயத்துக்குப் பத்துக் குறுவினா கொடுக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். ஒரே கேள்வி போதும்: ‘அடுத்து என்ன நடக்கும், ஏன் அப்படி நினைக்கிறாய்?’ நோட்டில் இடப்பக்கம் ஊகத்தை எழுதட்டும். மறுநாள் வலப்பக்கம், கதையில் நடந்ததை. கடிதம் எழுதும் பயிற்சியையும் இதிலேயே முடித்துவிடலாம், கதாபாத்திரத்துக்கு ஒரு கடிதமாக.

பிள்ளைகளும் வாசிக்கத்தான் வேண்டும். விருப்பமுள்ளவரிடம் முதல் நாளே ஒரு பக்கத்தைக் கொடுத்து வீட்டில் வாசித்துப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்கு நாலு வரி உரையாடல் போதும்.

ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடம், நேற்று வராதவர்களுக்கு யாராவது கதையைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் அந்த வேலையை உங்கள் ஏழெட்டுப் பேரிடமே கொடுங்கள்.