மத்தியதரைக் கடலோரக் காடுகள் அடிக்கடி எரிந்தும் எப்படி அழியாமல் இருக்கின்றன?

பிரான்சில் மார்சேய் நகரை ஒட்டியுள்ள கலாங்க் தேசியப் பூங்காவையே எடுத்துக்கொள்வோம். 2012இல் அறிவிக்கப்பட்டது. கடலில் செங்குத்தாக இறங்கும் சுண்ணாம்புப் பாறைகள், அவற்றின் மேல் கொஞ்சம் மண். மழையெல்லாம் பெரும்பாலும் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும்தான். கோடையில் எல்லாம் காய்ந்து கிடக்கும்.

அங்கே அதிகம் நிற்பது அலெப்போ பைன். அதன் கூம்புக் காய்களில் ஒரு பகுதி, பிசினால் ஒட்டி மூடியபடியே பல ஆண்டுகள் கிளையில் தங்கியிருக்கும். தீயின் சூட்டில் பிசின் இளகும், செதில்கள் விரியும், இறக்கை வைத்த விதைகள் சாம்பல்மேல் விழும். தாய்மரம் செத்துப்போகும். மழை பெய்ததும் அதன் அடியில் கன்றுகள் முளைக்கும்.

கெர்மிஸ் ஓக் என்ற முள்ளிலைப் புதருக்கு விதைகூடத் தேவையில்லை. மேலே எல்லாம் கருகினாலும் வேரிலிருந்து தளிர்த்துவிடும். கசங்கிய காகிதம் போன்ற பூவுள்ள சிஸ்டஸ் செடியின் விதைத்தோல் கெட்டியானது; சூடு பட்டு அது விரிந்தால் நீர் உள்ளே போய் முளைக்கும். அப்புறம் கார்க் ஓக், பாட்டில் தக்கை செய்யப் பட்டை தரும் மரம். சுண்ணாம்பு மண் அதற்கு ஆகாது, எனவே அதை இங்கே அல்ல, தூலோன் நகருக்குக் கிழக்கே உள்ள மலைகளில் பார்க்கலாம். தடித்த பட்டையே அதற்குக் கவசம். பட்டையை உரித்தபின் சில ஆண்டுகளுக்கு அது தீயைத் தாங்காது.

சரி, அப்படியானால் தீயால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. பைன் கன்று வளர்ந்து போதிய விதை சேர்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டாவது ஆகும். அதற்குள் மறுபடி எரிந்தால் பைன் போய் வெறும் புதர்தான் மிஞ்சும். தீ அபாயம் மிகுந்த கோடை நாட்களில் பூங்காவுக்குள் யாரையும் விடுவதில்லை. பயணிகளுக்கு ஏமாற்றம்தான், ஆனாலும் அந்தத் தடை அவசியம் என்பேன்.