அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

மகள் மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதியும் இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் முறையும் எழுதச் சொல்வதா, வீட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டிச் சேர்த்துவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் ஆகாவிட்டால் சொந்தபந்தத்தில் மரியாதை இருக்காது என்று உங்கள் அண்ணன் சொல்கிறாராம். எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: அவளுக்கு உயிரியல் என்றால் உயிர், ஆனால் வார்டுக்குள் நுழைந்தாலே முகம் வெளுத்துவிடும். கடிதத்தின் முதல் வரியாக வந்திருக்க வேண்டியது அதுதான்.

ஆறுதல் சொல்ல எனக்கும் தெரியும். ஆனால் அதனால் கடன் அடையாது. வீட்டை அடமானம் வைக்காதீர்கள். வார்டே ஒத்துவராத பெண்ணை, வட்டி ஏறுகிறதே என்பதற்காக வார்டில் நிற்கவைப்பது அவளுக்கும் நல்லதல்ல, நாளை அவளிடம் வரும் நோயாளிக்கும் நல்லதல்ல. மரியாதை பேசும் அண்ணன் ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாகக் குறையும்.

நர்சிங், பார்மசி, லேப் டெக்னாலஜி எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று மெடிக்கல் கோடிங். நோயாளியின் சார்ட்டை, அதாவது டாக்டர் எழுதிய மருத்துவக் குறிப்பைப் படித்து, பில்லுக்கும் பதிவுக்கும் வேண்டிய நோய்க் குறியீட்டைப் போடும் வேலை. இங்கே பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்காகச் செய்வது. ‘அது டேட்டா என்ட்ரிதானே’ என்று பலரும் கேட்பார்கள். இல்லை. ஒரே ஒரு நோயை எடுத்துக் காட்டுகிறேன்.

ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ் என்று ஒரு மூட்டு நோய். குடலிலோ சிறுநீர்ப் பாதையிலோ தொற்று வந்து, ஒன்று முதல் நான்கு வாரத்தில் முழங்காலோ கணுக்காலோ வீங்கும். சிலருக்குக் கண்ணும் சிவக்கும். சால்மொனெல்லா, ஷிகெல்லா, கிளமிடியா போன்ற கிருமிகள் தொடங்கிவைக்கும். மூட்டுக்குள் கிருமி வளர்ந்து சீழ் பிடிப்பது வேறு. அதற்குக் குறியீடு எம்00 வரிசை. இதற்கு எம்02.

அமெரிக்க மருத்துவமனைகள் 2015 அக்டோபர் முதல் பயன்படுத்தும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டு முறையில் இந்தக் குறியீடு எப்படி வளர்கிறது பாருங்கள். அகரவரிசையில் தேடினால் இந்த நோய் ரைட்டர் நோய் என்ற பழைய பெயருக்கு அனுப்பும், அதாவது எம்02.3. முழங்கால் என்றால் அடுத்து 6. வலது என்றால் 1. ஆக எம்02.361. இடது என்றால் கடைசி இலக்கம் 2. எந்தப் பக்கம் என்று டாக்டர் எழுதவே இல்லையென்றால் 9. இதையே டாக்டர் சீதபேதிக்குப் பின் வந்த மூட்டு நோய் என்று குறித்திருந்தால் எம்02.3 போய் எம்02.1 வரும். தூண்டிய நோயை முதலில் குறியிடு என்று எம்02-க்கு மேலேயே அறிவுறுத்தல் இருக்கிறது. எர்சினியா என்ற கிருமியால் வந்த குடல் அழற்சி என்றால் ஏ04.6 முன்னால் நிற்கும்.

வெளிநோயாளி சார்ட்டில் ‘ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸாக இருக்கலாம்’ என்று மட்டும் இருந்தால் இந்தக் குறியீட்டைப் போடவே கூடாது. வலது முழங்கால் வலி, எம்25.561, அவ்வளவுதான். அதே சந்தேகம் உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பில் இருந்தால் நோய் உறுதியானது போலவே குறியிடலாம். இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு அடையாளமான எச்எல்ஏ-பி27 பாசிட்டிவ் என்று லேப் ரிப்போர்ட் சொன்னாலும் கோடர் தானாக நோயை முடிவு செய்யக் கூடாது. டாக்டருக்குக் குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் குறிப்பு, அனுப்ப வேண்டும். ஒரு இலக்கம் தப்பினால் பில் திரும்பி வரும், இல்லையென்றால் நோயாளியின் பதிவில் வராத நோய் ஏறி உட்காரும். உடற்கூறியலும் நோயியலும் தெரியாதவரால் இதைச் செய்ய முடியாது. உயிரியல் பிடித்த, வார்டு பிடிக்காத பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன சொல்வது?

குறையையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார வேண்டும். இத்தனை சார்ட் என்று டார்கெட் உண்டு, போட்ட குறியீடு சரியா என்று பார்க்கப் பின்னாலேயே ஆடிட்டும் உண்டு. குறியீடுகளும் விதிகளும் ஆண்டுதோறும் மாறும். எளிய சார்ட்டுகளுக்கு இப்போது மென்பொருளே குறியீடு பரிந்துரைக்கிறது. ஆகவே வெறும் மனப்பாடக் கோடருக்கு எதிர்காலம் குறைவு. குழப்பமான சார்ட்டைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர், ஆடிட் செய்யத் தெரிந்தவர், குவெரி எழுதத் தெரிந்தவர்தான் நிற்பார். அதனால் முதலில் உயிர் அறிவியலில் ஒரு பட்டம். சான்றிதழ் அப்புறம்.

சான்றிதழ்களில், ஏஏபிசி என்ற அமெரிக்கக் கோடர்கள் அமைப்பின் சிபிசி தேர்வு பலரும் எழுதுவது: 100 கேள்விகள், 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம், குறியீட்டுப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். அனுபவம் சேரும்வரை பெயருக்குப் பின்னால் பயிற்சி நிலை என்ற அடையாளம் ஒட்டியிருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் ‘வேலை நிச்சயம்’ என்று சொல்லி மொத்தக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்கும் பயிற்சி மையத்தில் ஒரு காசும் கட்டாதீர்கள். பாடம் நடத்துபவர் தானே சார்ட் பார்த்தவரா என்று கேளுங்கள். இந்தப் படிப்புக்கும் கடன் வேண்டாம்.

நான் சொன்னேன் என்பதற்காக இதையும் அவள் தலையில் கட்டிவிடாதீர்கள். ஐசிடி-10-சிஎம் முழுப் பட்டியல் இணையத்தில் இலவசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எம்02 பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்காமல் விலகிப் போங்கள். இது ஏன் இங்கே சேராது, அது ஏன் அங்கே போகிறது என்று அவளாகவே கேட்டுக்கொண்டு வந்தால் பட்டப்படிப்புக்கு விண்ணப்பியுங்கள். கொட்டாவி விட்டு மூடிவைத்தால் இதையும் விட்டுவிடலாம். அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள்.